கடைசியாகக் கண்ட நாள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இருமல் விட்டுவிட்டது. உன் முதுகு வலி எப்படி? மாமா வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

இங்கே போனுக்கு சிக்னல் இல்லை. மேட்டில் ஏறி நின்றால் ஒரு கோடு வரும். வாயைத் திறக்கும்போது போய்விடும். கிடைத்தாலும் நான் என்ன பேசிவிடப் போகிறேன் என்று நீ சிரிப்பாய். அதனால் எழுதுகிறேன். வாரத்துக்கு ஒருமுறை சாமான் வண்டி கீழே போகிறது. ஓட்டுநர் கடிதம் வாங்கிக்கொள்வார்.

பாறை இடுக்குக்கு மேலே இரண்டு தகரக் கொட்டகைகள். ஒன்றில் தூங்குகிறோம், ஒன்றில் வேலை. எனக்குக் கொடுத்திருக்கும் வேலை பாசி. குளத்துப் படியில் வழுக்குமே, அது இல்லை. பாறையில் தண்ணீர் கசியும் இடத்தில் விரல் நகம் உயரத்துக்கு வளர்கிற செடி. வேர் கிடையாது. உடம்பு முழுவதாலும் தண்ணீர் குடிக்கிறது. லென்ஸில் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு சின்ன மரம்.

நீ பயப்படுவாய் என்று தெரிந்தும் ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. கல் குவாரியிலிருந்து துறைமுகத்துக்குச் சாலை போடப் போகிறார்கள். இரண்டு வழி யோசித்திருக்கிறார்கள். ஒன்று, இந்தப் பாறை இடுக்கை வெடி வைத்து அகலமாக்குவது. இன்னொன்று, கீழே இறங்கி, கழிமுகத்தைத் தூர்த்துப் பாலம் கட்டுவது. அது நம் கழிமுகம்தான், அக்கா. வரைபடத்தில் உங்கள் வரிசை வீடுகள் சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருக்கின்றன.

எந்த வழியில் அழியப்போகும் உயிர் அரியது என்று சொல்வதுதான் எங்கள் குழுவின் வேலை. இங்கே இந்தப் பாசி. அங்கே, குட்டி போட ஆற்று வாய்க்கு வருகிற மணல் நிறத் திருக்கை, வாலில் வெள்ளைக் கோடு உள்ளது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அட்டவணை போடச் சொல்லி எங்கள் குழுத் தலைவி மேடம் என்னிடம் கொடுத்துவிட்டார். நான்தான் சின்னவள், எதற்கும் மறுப்புச் சொல்லாதவள். மனிதர்களுக்கு அந்த அட்டவணையில் இடம் இல்லை. முதலில் அதைத்தான் தேடினேன்.

நான் அந்தக் கரையில் வளர்ந்தவள் என்று மேடத்திடம் சொல்லவில்லை. சொன்னால் அட்டவணையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். திருக்கை இப்போதும் வருகிறதா? மாமாவைக் கேட்டு எழுது.

உன்,
ஊமைக்கோட்டான்


ஜனவரி 21

என் கோட்டானுக்கு,

நாங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம். முதுகு வலி என்னைக் கட்டிக்கிட்ட மாதிரி கூடவே இருக்கு. நீ சாப்பிடறியா? போன தடவை வந்தப்போ கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கூட இருக்கறவங்க கேட்டாத்தான் சோறு வாங்குவியா, நீயே போய் வாங்குவியா?

உன் லெட்டரைப் படிச்சுக் காட்டினேன். உன் மாமாவுக்குச் சிரிப்பு தாங்கல. "திருக்கையையும் பாசியையும் பக்கத்துல உட்கார வச்சு பொருத்தம் பார்க்கிறாங்களா? இதுல யாரு மாப்பிள்ளை?"ன்னு கேட்டாரு. "ஒண்ணு ஓடும், ஒண்ணு நகராது. நம்ம ரெண்டு பேரு மாதிரி"ன்னேன். "நகராதது யாரு?"ன்னாரு. கரண்டியால ஒண்ணு வாங்கினாரு.

பாலம்னு படிச்சதும் தட்டைத் தள்ளி வச்சுட்டாரு. அப்புறம் சாப்பிடவே இல்லை.

திருக்கை முன்ன மாதிரி இல்லைடி. நான் கண்ணால பார்த்து ரெண்டு வருஷம் ஆகும். ஆத்துல மேல எங்கயோ என்னத்தையோ கலக்கறாங்க, தண்ணி சில நாள் நுரைக்குது. அதுக்காக இல்லைன்னு எழுதிடாதே. தண்ணியில இறங்கினா உன் மாமா இன்னிக்கும் காலைத் தேய்ச்சுத்தான் நடக்கறாரு. தேய்ச்சா, மண்ணுக்குள்ள படுத்திருக்கற திருக்கை ஆள் வர்றது தெரிஞ்சு போயிடும். மிதிச்சாத்தான் வாலால அடிக்கும். இல்லாத ஒண்ணுக்காக யாராவது அப்படி நடப்பாங்களா?

அவரு வீட்டுக்குள்ளயும் அப்படித்தான் நடக்கறாரு. உன் பட்டமளிப்பு விழாவுல சரக் சரக்குன்னு மண்டபம் முழுக்கத் தேய்ச்சுக்கிட்டு வந்தாரே, எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க, நீ மூஞ்சியை மடியில புதைச்சுக்கிட்டியே. பக்கத்து வீட்டு வலைக்காரிகிட்ட அதைச் சொல்லிச் சொல்லி இப்பவும் சிரிக்கறேன்.

தேடிப் பார்க்கறேன்னு சொல்லச் சொன்னாரு. உடம்பைப் பார்த்துக்கோ.

அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தைக் கொட்டகையில் வைத்துப் படித்தேன். கரண்டி வந்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எல்லோரும் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். சோறு நானே போய்த்தான் வாங்குகிறேன், கவலைப்படாதே.

அட்டவணையில் நான்கு கேள்விகள். எத்தனை இடங்களில் உண்டு? எப்படிப் பெருகுகிறது? வேறு இடத்துக்கு மாற்ற முடியுமா? கடைசியாகக் கண்ட நாள் எது?

பாசியைப் பற்றி ஒன்று கண்டுபிடித்தோம். இந்த இடுக்கில் இருப்பவை எல்லாம் பெண் செடிகள். ஆண் ஒன்றுகூட இல்லை. எப்போதோ இருந்திருக்கலாம். இப்போது அவை விதை மாதிரி எதையும் உண்டாக்குவதில்லை. ஒடிந்து விழுந்த துணுக்கு ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் அது இன்னொரு செடி. அப்படியே இத்தனை காலம் ஓட்டியிருக்கின்றன. திருக்கைக்கு அந்த வழி இல்லை. மாதக்கணக்கில் வயிற்றில் சுமந்து இரண்டு மூன்று குட்டிகள் போடுகிறது, அதற்கும் ஆழமில்லாத வெதுவெதுப்பான சேறு வேண்டும். ஒன்றுக்கு உடைவதுதான் பிழைப்பு, மற்றதற்கு உடைந்தால் எல்லாம் போச்சு.

மாற்ற முடியுமா என்ற கேள்வியில் பாசி தோற்றுவிடும் என்று நினைக்கிறேன். பாறையோடு பெயர்த்துத் தட்டில் வைத்தால் பிழைத்தாலும் பிழைக்கும். திருக்கையைத் தட்டில் வைக்க முடியாது. எழுதும்போது எனக்குள் சந்தோஷமாக இருந்தது. ஒரு செடி தோற்பதில் எனக்கு என்ன சந்தோஷம் என்று கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

ஆனால் நான்காவது கேள்வி இடிக்கிறது. திருக்கையைப் பற்றி அலுவலகத்தில் இருக்கும் குறிப்பு மிகப் பழையது. "பழைய தேதியை நம்பி ஒரு பாலத்தை நிறுத்த முடியாதும்மா. இந்தப் பருவத்துல யாராவது பார்த்திருக்கணும். இல்லைன்னா இல்லைன்னுதான் எழுதணும்" என்று மேடம் சொல்லிவிட்டார். இல்லை என்று எழுதினால் பாலம்தான்.

ஒரு படம் போதும், அக்கா. மாமாவிடம் சொல். நான் படித்த வரைக்கும், அதிர்வு தெரிந்தால் அது வெகு தூரத்திலேயே விலகிவிடும். காலைத் தேய்த்துக்கொண்டு போனால் மாமா கண்ணில் அது படவே படாது. காலைத் தூக்கி, சத்தம் காட்டாமல் மெதுவாக வைத்துப் போனால் பக்கத்தில் போகலாம். போனைப் பாலிதீன் பையில் போட்டுக்கொள்ளச் சொல்.

உங்கள் இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன்,
ஊமைக்கோட்டான்


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? மாமா சுகமா? வண்டி மூன்று தடவை வந்துபோனது. உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. ஓட்டுநர் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக் காட்டுகிறார். நேற்று மேட்டில் ஏறிக் கூப்பிட்டேன். உன் போன் அணைந்திருக்கிறது என்று வருகிறது.

இங்கே கசிவு நின்றுவிட்டது. பாசி பழுப்பாகி, தொட்டால் பொடிகிறது. செத்துவிட்டது என்று நினைத்தேன். மேடம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுவிட்டு "பாரு" என்றார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருண்ட இலைகள் விரிந்து பச்சையாகிவிட்டன. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. உனக்குக் காட்ட வேண்டும்போல இருந்தது.

படம் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. ஒரு வரி எழுது.

தங்கை


மார்ச் 14

அன்பான தங்கச்சிக்கு,

நாங்க நல்லா இருக்கோம். மாமா நல்லா இருக்காரு. இப்போ தூங்கறாரு. நீ நல்லா இரு.

லெட்டர் போட நேரம் ஆயிடுச்சு. கோவிச்சுக்காதே. போன் தண்ணியில விழுந்துடுச்சு. அதனால படம் இல்லை.

இதோட துணியில சுத்தி ஒரு முள் வச்சிருக்கேன். திருக்கை வால் முள். புதுசு. பிரிக்கும்போது கையைக் குத்திக்காதே. கழுவணுமா வேண்டாமான்னு தெரியல, உங்க ஆபீசுக்கு எப்படி வேணுமோன்னு அப்படியே விட்டுட்டேன். இது போதுமா? போதும்னா உடனே எழுது.

இங்க பகலும் ராத்திரியும் ட்யூப்லைட் எரியுது, மணி என்னன்னே தெரியல. கூப்பிடறாங்க, போறேன்.

அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் நலம் என்று பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. போன் போனால் போகட்டும்.

அக்கா, முள் வந்துவிட்டது! மேடம் லென்ஸை வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பின்பக்கமாகச் சாய்ந்த பற்கள், நடுவில் ஓடும் பள்ளம். அதே திருக்கைதான். முறிந்த துண்டுதான் என்றாலும் சந்தேகமே இல்லை என்றார். நான் சிரித்துக்கொண்டே நின்றிருக்கிறேன். வரைபடம் போடுகிறவர், "அட, இந்தப் பொண்ணுக்குப் பல்லு இருக்கா!" என்றார். அதற்கும் சிரித்தேன்.

முள் மட்டும் போதாதாம். கரையில் வருஷக்கணக்கில் கிடந்ததாகவும் இருக்கலாம் என்று கேட்பார்களாம். ஆனால் பற்களுக்கு இடையில் சதை ஒட்டியிருக்கிறது. அது காய்ந்திருந்தாலும் பழையதாகத் தெரியவில்லை. அதை நகரத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார். திருக்கையின் சதை என்று வந்துவிட்டால், புதிது என்று சொல்ல வசதியாக இருக்குமாம்.

கரையில் தெரிந்தவர் அனுப்பினார் என்று மட்டும் சொன்னேன். யாருக்குக் கிடைத்தது, எந்த இடத்தில், எந்தத் தேதியில் என்று கேட்கிறார். உடனே எழுது. நான்காவது கேள்விக்கு அதுதான் பதில்.

உன் கடிதத்தில் ஃபினாயில் வாடை அடித்தது. முதுகு வலியோடு வீடு கழுவினாயா? ஏன் ட்யூப்லைட்டை ராத்திரி முழுக்க எரிய விடுகிறாய்? கண்ணுக்குக் கெடுதல்.

மாமாவுக்கு என் நன்றியைச் சொல்.

உன்,
ஊமைக்கோட்டான்


ஏப்ரல் 4

தங்கச்சிக்கு,

நல்லா இருக்கியா. நாங்க இருக்கோம்.

ஃபினாயில் வாசனை வந்துச்சா. ஆமா, கழுவினேன். இங்க வெயில் தாங்க முடியல. வீட்டுப் பின்பக்கச் சுவர் விரிசல் விட்டிருக்கு. வலைக்காரிதான் தினமும் சோறு கொண்டு வந்து தர்றா. எனக்கு ஆக்க சோம்பல். அவ குரல் உனக்குத் தெரியுமே, ரெண்டு தெரு கேட்கும், இங்க வந்தும் அப்படியே பேசி வாங்கிக் கட்டிக்கறா.

முள்ளு எங்க கிடைச்சுதுன்னு கேட்டிருந்தே. வலையில. ஆத்து வாய்ல. தேதி என்னத்துக்கு? ஏதாவது ஒண்ணு போட்டுக்கோ. பிப்ரவரின்னு போடு.

உன் மாமா உன்னைக் கேட்டாரு. "பாசி எப்படி இருக்குதாம்?"னு கேட்டாரு. சொட்டுத் தண்ணி விட்டா முழிச்சுக்கும்னு சொன்னேன். "பரவாயில்லையே, கெட்டிக்காரப் பாசி"ன்னாரு.

நீ லீவு கீவு போட்டுக்கிட்டு இங்க வராதே. வேலையைப் பாரு. பாலம் நின்னா போதும், அதுதான் உன் மாமாவுக்கு வேணும்.

அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

ஆய்வுக்கூடத்துப் பெண் இன்று கூப்பிட்டார். சிக்னலுக்காக மேடம் மேட்டில் ஏறி ஸ்பீக்கரைப் போட்டார். வெயில் என்று நான் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மேடம், முள் திருக்கையோடதுதான். ஆனா அதுல இருக்கற சதை திருக்கை சதை இல்லை. மனுஷ சதை" என்றார் அந்தப் பெண்.

மேடம், "யாராவது கையால தொட்டிருப்பாங்க" என்றார்.

"தொட்டதுல வர்றது இல்லை மேடம். பல் இடுக்கு பூரா தசை. ஆழமா இறங்கி, உள்ளேயே இருந்திருக்கு. அறுத்து எடுத்த மாதிரி இருக்கு."

மேடம் போனை அணைத்தார். அப்புறம், "அப்போ யாரையோ குத்தியிருக்கு. நல்லதாப் போச்சு, ஆள் யாருன்னு தெரிஞ்சா தேதி கிடைச்சிடும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அட்டவணையை நினைத்துத்தான் சொன்னார். நானும் முள்ளைப் பார்த்து அப்படித்தானே சிரித்தேன்.

நான் குடையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். மேடம் கீழே இறங்கிப் போன பிறகும் பிடித்துக்கொண்டிருந்தேனாம். வரைபடக்காரர் வந்து கையிலிருந்து வாங்கினார்.

ட்யூப்லைட், ஃபினாயில், சத்தம் போட்டால் திட்டு வாங்கும் இடம். எல்லாவற்றையும் நீ எழுதித்தான் இருக்கிறாய்.

மாமா எங்கே, அக்கா?


ஏப்ரல் 27

கோட்டானே,

உட்கார்ந்துக்கிட்டுப் படி. உசிரோட இருக்காரு. அதை முதல்ல சொல்லிட்டேன்.

இடது கால் முட்டிக்குக் கீழ இல்லை. எடுத்துட்டாங்க.

உன் லெட்டர் வந்ததுல இருந்து தினமும் தேடினாரு. தண்ணியில தேய்க்காம நடந்து அவருக்குப் பழக்கமே இல்லையே, வீட்டுக்குள்ளயே நடந்து பழகினாரு. கொக்கு மாதிரி ஒவ்வொரு காலா தூக்கித் தூக்கி வச்சு, அடுப்புக்கும் வாசலுக்கும் போயிட்டு வந்தாரு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். வலைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மாப்பிள்ளை அழைப்புக்கு ஒத்திகையா?"ன்னு அவளும் சிரிச்சா.

கிடைச்சுது. ஒண்ணு இல்லைடி, ரெண்டு மூணு இருந்துச்சாம். வயிறு மேடா இருந்துச்சாம். ஒண்ணைப் பார்த்துப் படம் எடுக்கக் குனிஞ்சிருக்காரு, இன்னொண்ணு மேல கால் வச்சுட்டாரு. அவரு கத்தினது எனக்குக் கேட்கலை, வலைக்காரிக்குக் கேட்டுச்சு. அவரு கழுத்தளவுகூட இருக்க மாட்டா, அவரை முதுகுல தூக்கிக்கிட்டு ரோடு வரைக்கும் ஓடினா.

முதல்ல சுடுதண்ணியில காலை வச்சோம், ஆஸ்பத்திரியில மருந்து போட்டாங்க, அனுப்பிட்டாங்க. இங்க எத்தனை பேருக்குக் குத்தியிருக்கு, ஆறிடும்னு இருந்தோம். முறிஞ்ச துண்டு உள்ளேயே இருந்தது யாருக்கும் தெரியல. காய்ச்சல் வந்துச்சு. கால் கறுத்துச்சு. திரும்பக் கூட்டிட்டுப் போனப்போ அறுத்து எடுத்து ஒரு கிண்ணத்துல வச்சுக் காட்டினாங்க. அதைத்தான் நான் கேட்டு வாங்கி உனக்கு அனுப்பினேன். அப்போ கால் இருந்துச்சு. அப்புறம்தான் எடுத்தாங்க.

சொல்லக் கூடாதுன்னு அவருதான் சொன்னாரு. "சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடும். அப்புறம் லெட்டர்ல என்ன எழுதினோம்னு யோசிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கும்"னாரு. அந்த லெட்டரை நான் கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன். அதுல நீ என்ன எழுதினேன்னு எனக்கு ஞாபகம் இல்லை. நீயும் ஞாபகம் வச்சுக்காதே.

ஆஸ்பத்திரியில பேர், தேதி எல்லாம் இருக்கு. டாக்டரும் சொல்வாரு. எடுத்துக்கோ. இவ்வளவு ஆன பிறகு பாலம் வந்தா நான் தாங்க மாட்டேன்.

அக்கா


மே 22

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ சாப்பிடு. மாமாவுக்குப் போட்டுவிட்டு மிச்சத்தை நிற்கும் இடத்திலேயே சாப்பிட்டதை நான் பார்த்தேன்.

வந்திருந்த நாட்களில் நான் பேசியது பாசியைப் பற்றி மட்டும்தான். மாமா கேட்டுக்கொண்டே இருந்தார், நானும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்க்காமல் இருக்க அது இருவருக்கும் வசதியாக இருந்தது.

திரும்பியதும் கூட்டம். "அந்த முள் என் அக்கா வீட்டுக்காரர் காலிலிருந்து எடுத்தது" என்று சொன்னேன். என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. மேடம் மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன்.

"உங்க அக்கா அங்கேயா இருக்காங்க? இத்தனை மாசமா எங்ககிட்ட சொல்லவே இல்லையே?"

"ஆமாம், மேடம்."

"நான் எழுதச் சொல்லலையே, யார் அவரைத் தண்ணியில இறங்கச் சொன்னது?"

"நான்தான்."

அட்டவணையை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். ஆனால் மேடம் தானே ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் பேசினார். கழிமுகத்துக்கும் ஆள் அனுப்பிப் படகிலிருந்து பார்க்கச் சொன்னார். அவர்களும் கண்டார்கள். குட்டி போடும் இடம் என்று எழுதியாகிவிட்டது. பாலம் வராது, அக்கா. சாலை இந்த இடுக்கு வழியாகத்தான்.

இப்போது எனக்குப் பாசி பெயர்க்கும் வேலை. வெடி வைப்பதற்கு முன்னால் உளியால் பாறையோடு பெயர்த்துத் தட்டுகளில் அடுக்குகிறோம். பிழைத்தாலும் பிழைக்கும் என்று நான் எழுதிய வரியை அப்படியே அறிக்கையில் வைத்திருக்கிறார்கள். முதலில் பெயர்த்த தட்டுகள் பழுப்பாகிவிட்டன. தினமும் சொட்டு விட்டுப் பார்க்கிறேன். விரியவில்லை. இங்கே அது எத்தனை காலம் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதற்காக யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, கடிதமும் எழுதவில்லை.

அறிக்கையில் கழிமுகத்தைப் பற்றி இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதை நேரில் வந்து சொல்கிறேன்.

தங்கை


செப்டம்பர் 2

கோட்டானுக்கு,

அப்புறம் நீ போட்ட ரெண்டு லெட்டரும் கிடைச்சுது. உன் மாமாவுக்குக் கட்டைக்கால் வச்சிருக்காங்க. வாசல் வரைக்கும் வர்றாரு. எனக்கு ஒண்ணும் இல்லை. நீ எப்படி இருக்கே?

நேர்ல சொல்றேன்னியே, அதுக்கு முன்னாடி ஆபீஸ்காரங்க வந்து சொல்லிட்டாங்க. திருக்கை குட்டி போடற இடமாம், காப்புப் பகுதியாம். கம்பம் நட்டு ஆத்து வாய் முழுக்கக் கயிறு கட்டிட்டாங்க. வலை போடக் கூடாது, படகு விடக் கூடாது, தண்ணியில கால் வைக்கக் கூடாது. வீடு இருக்கு. தண்ணிதான் இல்லை. உனக்கு மே மாசமே தெரியும்னு எனக்குத் தெரியும். கோபம் இல்லைடி. நானும்தான் உன்கிட்ட சொல்லாம இருந்தேன்.

பாதிப் பேர் கிளம்பிட்டாங்க. இருக்கறவங்க என்கிட்ட பேசறதில்லை. முள்ளை அனுப்பி வச்சவள்னு எனக்குப் பேர். பாலம் வந்திருந்தா வேற இடத்துல வீடாவது கொடுத்திருப்பாங்கன்னு சொல்றாங்க. இருக்கலாம்.

காவலுக்கு ஆள் வேணும்னாங்க. அடிபட்டவர் வீடுன்னு எனக்குக் கொடுத்தாங்க. அவரை வச்சுக்கிட்டு வேற வழி என்ன இருக்கு, ஒத்துக்கிட்டேன். பச்சைச் சட்டை, ஒரு விசில். யாராவது இறங்கினா ஊதணும், பேரு குறிச்சு அனுப்பணும். குட்டிங்க வந்திருக்கு. உள்ளங்கை அளவுதான். என் நிழல் பட்டா மண்ணைப் போர்த்திக்கிட்டுக் காணாமப் போயிடுதுங்க. நாள் முழுக்க அதைத்தான் பார்த்துக்கிட்டு நிக்கறேன்.

நேத்து சாயங்காலம் வலைக்காரி கயிறைத் தாண்டி இறங்கினா. பாத்திரத்தோட. ஒரு பிடி நத்தை பொறுக்கத்தான், வேற ஒண்ணும் இல்லை. அவ வீட்டுல அடுப்பு எரியலைன்னு எனக்குத் தெரியும். நான் ஊதினேன். நிமிர்ந்து பார்த்தா. ரெண்டு தெரு கேட்கற குரல் அவளுக்கு, ஒரு வார்த்தை சொல்லலை. பாத்திரத்தைக் கவிழ்த்துட்டுக் கரையேறிப் போயிட்டா.

"யாரைப் பார்த்து ஊதின?"ன்னு உள்ள இருந்து உன் மாமா கேட்டாரு.

"நாய்"ன்னு சொன்னேன்.

அக்கா